அளவு தப்பிய பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். வயது 43. பெயர் போட வேண்டாம். சின்ன ஊர், தொழிலைச் சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும். ஆனால் தொழிலைச் சொல்லாமல் என் மனக்கஷ்டத்தைச் சொல்ல வழியில்லை. எங்களுடையது சவப்பெட்டிக் கடை. தாத்தா தொடங்கியது. அவர் காலத்தில் பெட்டி மட்டும்தான். அப்பா வண்டி வாங்கினார், பிறகு ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. இப்போது குளிப்பாட்டி உடுத்துவது, குழி வெட்ட ஆள் சொல்வது, ஃபாதரிடமோ ஆயரிடமோ நேரம் கேட்பது, வெளியூருக்கு உடலை அனுப்புவது வரை எல்லாம் எங்கள் வேலைதான். அப்பாவுக்கு 74 வயது. அவர், நான், 22 வருடமாக எங்களோடு இருக்கும் ஆசாரி அண்ணன், வண்டி ஓட்டும் பையன் ஒருவன். இவ்வளவுதான் ஆட்கள்.

என் கஷ்டம் தம்பியைப் பற்றியது. அவனுக்கு 39. 2008-ல் இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரு போனவன், அங்கேயே வீடு வாங்கிவிட்டான். அவன் படிப்புக்கு ஆன செலவெல்லாம் பெட்டிக் காசு. ஆறு மாதமாக அவனுக்கு ஒரே பேச்சு, கடை இருக்கும் இடத்தை விற்றுவிடலாம் என்று. ரோட்டுமேல் இருக்கிற இடம், யாரோ லாட்ஜ் கட்டக் கேட்கிறார்களாம். "அக்கா, உனக்கும் வயசாகுது, இந்த வேலை எதுக்கு" என்கிறான். எங்கள் கடை போர்டில் இன்னமும் "அண்ட் சன்" என்றுதான் இருக்கிறது. அந்த சன் ஒரு பெட்டிக்கு ஒரு ஆணி அடித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அப்பா அந்த போர்டுக்குப் புது பெயிண்ட் அடிப்பார், அந்த வார்த்தைக்கும் சேர்த்து. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு கொலக்கம்பைப் பக்கம் ஏதாவது எஸ்டேட்டிலிருந்து போன் வரும். வண்டி பாதி தூரம்தான் போகும். அப்புறம் தேயிலைக்கு நடுவே படிப்படியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசல் குறுகல், பெட்டி திரும்பாது. வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, விறைப்பதற்கு முன் கையை மடித்து வைக்க வேண்டும். பெண்கள் என்றால் நான்தான். பெற்ற மகள் கிட்டே வரப் பயந்து நிற்பாள், நான் தலை வாரிப் பின்னிவிட்டு வருவேன். போன வருடம் ஜார்க்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த ஒரு பையன் போய்விட்டான். இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, போலீஸில் தடையில்லாச் சான்று எல்லாம் அலைந்து வாங்கி, பெட்டியைக் கசியாமல் அடைத்து, கோயம்புத்தூர் விமான நிலையம் வரை நானே கொண்டுபோய் விட்டேன். அவன் அம்மா போனில் அழுதுகொண்டே இந்தியில் ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். இதைத் தம்பியிடம் சொன்னபோது "பாவம்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரும் அப்படித்தான். பணத்தை என் கையில் கொடுக்க மாட்டார்கள், மேசையில் வைப்பார்கள். சாவு வீட்டில் பேரம் பேசக் கூடாது என்பது அப்பா சொல், அதனால் பாதிப் பேர் பாக்கி. கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தம்பி மனைவி ஊருக்கு வந்தால் கடை வழியாக வீட்டுக்குள் வரமாட்டாள், பின்பக்கப் படியில் சுற்றி ஏறுவாள். பிள்ளைகள் கடைக்குள் எட்டிப் பார்த்தால் உடனே குளிக்க வைப்பாள்.

அப்பா நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. சாவு வீட்டில் ஒரு நாளும் டேப்பை நீட்டியதில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். வெளியே வந்து காதில் இருக்கிற பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுவார். "டேப்பைப் பிடிச்சா அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை சாவு" என்பார். 2009 நவம்பரில் மலை சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் போனார்களே, அப்போது மூன்று ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. ரோடு அடைத்துவிட்டது, எப்படி வர என்றான் தம்பி. சரி, அடைத்துத்தான் இருந்தது. திறந்த பிறகும் அவன் வரவில்லை. குழந்தைப் பெட்டிக்கு அப்பா இன்றுவரை காசு வாங்கியதில்லை. என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை. யாராவது வந்தால் "பையன் பெங்களூருல இருக்கான்" என்பார். பெட்டிக்கு உள்துணி தைத்துக்கொண்டு நான் அங்கேதான் இருப்பேன்.

இதெல்லாம் போதாது என்று ஆசாரி அண்ணனும் மூன்று வாரமாக வேலைக்கு வருவதில்லை. 22 வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். மழை, காய்ச்சல் என்று பையனிடம் சொல்லி அனுப்புகிறார். ஐப்பசியில் ஒரு பெட்டி அளவு தப்பிவிட்டது. பெரிய வீடு, வாசல் வரை கூட்டம், உள்ளே வைத்தால் கால் முட்டுகிறது. மூன்று அங்குலம் குறைவு. முழங்காலை மடித்து, எப்படியோ துணியைப் போட்டு மூடினோம். அந்த வீட்டு மகன் எல்லார் முன்னாலும் ஆசாரி அண்ணனைப் பிடித்துத் திட்டினார், குடித்துவிட்டுத்தானே வேலை பார்த்தாய் என்று. அவர் குடியை விட்டு எட்டு வருடம் ஆகிறது. கடைசியில் ஆசாரி தப்பாக அறுத்துவிட்டார் என்று ஆயிற்று. நோட்டில் இருந்தது அப்பா எழுதிய அளவுதான், ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பது. அப்பாவுக்கும் இப்போது அசதி அதிகம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், அம்மாவுக்குச் சோறு போட்டாச்சா என்று கேட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆச்சேப்பா, நீங்கதானே பெட்டி செஞ்சீங்க என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு அன்று முழுக்க அழுதார். மறுநாள் ஒன்றும் ஞாபகம் இல்லை. தூக்கம் சரியில்லாவிட்டால் அப்படித்தான். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, ஆசாரி அண்ணன் இல்லாமல் எல்லாம் என் தலையில் விழுகிறது. மரம் பார்ப்பது, துணி தைப்பது, ராத்திரி அப்பா படுத்த பிறகு நோட்டைத் திருத்தி வைப்பது வரை.

தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அப்பா எப்படி இருக்கார் என்பான். நல்லா இருக்கார் என்று சொல்லிவிடுவேன். அவனுக்கு எதற்கு வீண் கவலை. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே தாங்குகிறேன், அவனுக்கு இடத்தின் விலைதான் கண்ணில் படுகிறது.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் என்மேல் குறைப்படுகிறாள். சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாதே, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு எல்லா இடத்திலும் வந்துவிட்டது. "அம்மா சொல்லிக்காமலே போயிடறாங்க" என்கிறாள்.

தம்பியிடம் என் உரிமையை எப்படிக் கேட்பது? போர்டை மாற்றச் சொல்லி அப்பாவிடம் கேட்டால் தப்பா? ஒரு பொறுப்பும் எடுக்காதவனை நான் மன்னிக்கத்தான் வேண்டுமா? பதில் எழுதுங்கள் அம்மா.

ஒரு வாசகி, குன்னூர்

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தம்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். போர்டில் இருக்கும் ஒரு வார்த்தைக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். அப்பா அம்மாவைத் தேடியதற்கு நாலே வரி. அதையும் "அது கிடக்கட்டும்" என்று சொல்லி மூடிவிட்டீர்கள். எனக்கு அதைக் கிடக்கட்டும் என்று விட மனம் வரவில்லை. போர்டு, பாக்கி, பின்பக்கப் படியில் ஏறும் தம்பி மனைவி, இவற்றுக்கெல்லாம் இன்று நான் பதில் எழுதப்போவதில்லை. அவை பொய் என்று சொல்லவில்லை. மேசையில் வைக்கப்படும் அந்தப் பணம் எப்படிச் சுடும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாலு வரிதான் கடிதம் என்று நினைக்கிறேன்.

அங்கங்கே நீங்கள் விட்டுவைத்ததை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் ஒரு பார்வையில் ஆளை அளந்தவருக்கு மூன்று அங்குலம் தப்புகிறது. தன் கையால் பெட்டி செய்து அடக்கம் பண்ணிய மனைவிக்குச் சோறு போட்டாச்சா என்று கேட்கிறார். அழுததும் மறுநாள் ஞாபகம் இல்லை. நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து அவர் எழுதிய அளவுகளைத் திருத்துகிறீர்கள். தூக்கம்தான் காரணம் என்று நிஜமாக நம்புகிற ஒருத்தி, அவர் படுக்கும் வரை காத்திருந்து நோட்டைத் திருத்த மாட்டாள். உங்களுக்குத் தெரியும், சகோதரி. கொஞ்ச நாளாகவே தெரியும்.

மரணத்தோடு இத்தனை பழகிய கைக்கு இதைத் தொட ஏன் இவ்வளவு பயம் என்று யோசித்தேன். நீங்கள் போகிற வீடுகளில் இழப்புக்கு ஒரு நேரம் இருக்கிறது. தேதி இருக்கிறது, நீளம் அகலம் இருக்கிறது, நோட்டில் எழுத முடிகிறது. நீங்கள் கதவைத் தட்டும்போது அது நடந்து முடிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். காதில் பென்சில் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்று பார்த்த அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருக்கிறது. எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் 1970-களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று நாம் சொல்லலாம். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் வீடுகளில் அவர் இதைப் பார்த்தார். உடலும் வரவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியவில்லை, அழலாமா கூடாதா என்று தெரியாத மனைவிகள். பிறகு, ஆள் கண்முன்னே இருந்தும் நினைவு நழுவிப்போகிற வீடுகளிலும் அதே தவிப்பு இருப்பதைக் கண்டார். இந்தத் துக்கத்துக்கு யாரும் மாலை கொண்டு வருவதில்லை. மணி அடிப்பதில்லை. அழுவதற்கு என்று ஒரு நாள் கிடைப்பதில்லை.

அழ நாள் கிடைக்காத துக்கம் சும்மா இருக்காது, எங்காவது போய் உட்காரும். உங்களுக்கு அது அந்த போர்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. "அண்ட் சன்" என்ற எழுத்து உங்களை இத்தனை வருடமாக உறுத்தியது உண்மை. ஆனால் அப்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், எனக்கு எழுதவில்லை. இப்போது ஏன் தாங்க முடியவில்லை? இந்த மகள் இல்லாவிட்டால் கடை இல்லை என்று அப்பா ஒரு நாள் வாய் திறந்து சொல்வார் என்று காத்திருந்தீர்கள். சொல்லாமலே போய்விடுவாரோ என்ற பயம் இப்போது வந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயமும் உள்ளே இருக்கும் என்று தோன்றுகிறது. அந்த வார்த்தை வந்தாலும், அது யாருக்கு என்று அவருக்கே தெரியாத ஒரு நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது?

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கண் கலங்கினால் கலங்கட்டும். இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

தம்பி எதையும் கேட்பதில்லை என்று எழுதுகிறீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஒரு கேள்வி கேட்கிறான், அப்பா எப்படி இருக்கார் என்று. நீங்கள் பொய் சொல்கிறீர்கள். அவனுக்கு எதற்குக் கவலை என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அதே வரியிலேயே அவன் கவலைப்படுவதில்லை என்று குற்றமும் சாட்டுகிறீர்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்க முடியாது. அப்பா நன்றாக இருக்கிறார், அக்கா களைத்துப் போயிருக்கிறாள், இடத்துக்கு விலை வருகிறது. அவனுக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். அந்தக் கணக்கில் விற்கலாம் என்று ஒருவன் சொன்னால் அது பேராசை ஆகாது. 2009-ல் ரோடு திறந்த பிறகும் அவன் வராதது தவறு, அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை ரோட்டை அடைத்து வைத்திருப்பது நீங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே தாங்குகிறேன் என்பதில் வலியோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறதா? இருந்தால் அது பாவமில்லை. பாராட்டே கிடைக்காத வீட்டில், தனியாகத் தாங்குவதுதான் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பாராட்டு. ஆனால் அதற்காக மகன் என்ற முறையில் அவனுக்கு வர வேண்டிய துக்கத்தையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு அவனை அடையாளம் தெரிகிற மாதங்கள் இவை. பிற்பாடு, எனக்கு ஏன் அக்கா சொல்லவில்லை என்று அவன் கேட்டால் நியாயம் அவன் பக்கம் இருக்கும். அடுத்த ஞாயிறு வரை காத்திராமல் இன்றே அழையுங்கள். இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "நான் இத்தனை நாளா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன், அப்பா நல்லா இல்லை, நீ வந்து பத்து நாள் அவர் கூட இரு" என்று சொன்னால் போதும். அதைக் கேட்ட பிறகும் அவன் வரவில்லை என்றால் அப்போது கோபப்படுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

அப்பாவை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இது மறதி நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், எப்போதோ விழுந்து தலையில் பட்ட அடி என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதே மாதிரி காட்டும். கண்புரை இருந்தால் அளவு தப்பும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது, தூரம் ஒரு சாக்கு இல்லை. தம்பி வந்ததும் மூவருமாகப் போங்கள். அதற்குள் ஒரு காரியம் மட்டும் இன்றே செய்யுங்கள். மின்ரம்பத்தை அவர் தனியாகத் தொடாதபடி இணைப்பை எடுத்துவிடுங்கள். பட்டறையை விட்டு அவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள், அது அவரைச் சீக்கிரம் சாய்த்துவிடும். உப்புத்தாளில் மரத்தைத் தேய்க்கட்டும், துணி மடிக்கட்டும், பென்சில் காதில் இருக்கட்டும். அளவை மட்டும் நீங்கள் எடுங்கள்.

அவர் மறுபடி அம்மாவைக் கேட்பார். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று இனி திருத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் அவர் அதை முதல்முறையாகக் கேட்கிறார். டேப்பைப் பிடித்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை சாவு என்று அவர்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்? அதையே இப்போது அவருக்குச் செய்யுங்கள். "அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். அந்த ஜார்க்கண்ட் தாய் பேசியது உங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டு போனை வைக்காமல் இருந்தீர்களே, அதே குரல் போதும். அதைவிடச் சரியான பதில் அன்றைக்கு வேறு இருந்திருக்காது. உங்களுக்கே ரொம்ப முடியாமல் போகிற ராத்திரிகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பெட்டியை மூடுகிற நேரத்தில் சில குடும்பங்கள் "பெரியவன் வந்துட்டே இருக்கான், இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சும். எத்தனை வீட்டில் நீங்கள் அவர்கள் கையைப் பிடித்து, போதும்மா, நேரமாச்சு என்று மெதுவாகச் சொல்லியிருப்பீர்கள். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. அதனால் நான் சொல்கிறேன். உங்கள் அப்பா மாறிக்கொண்டிருக்கிறார். நோட்டைத் திருத்துவதால் அது நிற்காது.

கடைசியாக ஆசாரி அண்ணன். என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். "கடைசியில் ஆசாரி தப்பாக அறுத்துவிட்டார் என்று ஆயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக ஆகவில்லை. நீங்கள் பேசாமல் நின்றதால் ஆயிற்று. நோட்டில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒருத்தி அந்த வாசலில் இருந்தாள். குடியை விட்டு எட்டு வருடம் ஆன மனிதரை ஊரே பார்க்கக் குடிகாரர் என்று சொல்லும்போது அவள் வாய் திறக்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படி நின்றீர்கள், தெரிகிறது. ஆனால் அதற்கான விலையை அவர் தலையில் கட்டிவிட்டு, இப்போது எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்டவர் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். 22 வருடம் அவர் உழைத்ததும் உங்கள் வீட்டில்தான். சோற்றுக் கணக்கை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் பலகை அறுத்தவருக்கு அந்த அளவைப் பார்த்ததுமே குறைவு என்று பட்டிருக்கலாம். உங்கள் அப்பா எழுதியதைத் திருத்தக் கை வராமல் அப்படியே அறுத்திருப்பார். அங்கே திட்டு வாங்கும்போதும் "நோட்டைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அவர் தப்பித்திருக்க முடியும். சொல்லவில்லை. அப்பாவின் நிலை உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். தனியாகத் தாங்குகிறேன் என்று எழுதினீர்களே, பட்டறையின் அந்தப் பக்கம் இன்னொரு ஆளும் தாங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

முதலில் அந்தப் பெரிய வீட்டு மகனிடம் போங்கள். ஆசாரி சரியாகத்தான் அறுத்தார், எங்கள் நோட்டில் அளவு தப்பு, அது கடையின் தவறு என்று சொல்லுங்கள். அப்பா பெயரை இழுக்க வேண்டியதில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் கொடுங்கள். அதை முடித்த பிறகு ஆசாரி அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பையனை அனுப்பாதீர்கள், போனும் வேண்டாம். சம்பளம், வேலை, எப்போது வருவீர்கள் என்ற பேச்சை எடுக்காதீர்கள். அந்த வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், பேசாமல் இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். கிளம்பும்போது பழக்கத்தில் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடாதீர்கள். அது சாவு வீடு இல்லை. "போயிட்டு வரேண்ணா" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாங்க.